இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த 19 வயது இளைஞன் சர்வதேசத் துடுப்புப் படகோட்ட வீரனாக முடியுமா?

முடியும். ஆனால் தோட்டத்தில் இருந்துகொண்டே முடியாது. தம்பி, நீங்கள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள், "இந்த வயதில் என்ன படகு" என்று ஏச்சு வாங்குகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வயதை விடுங்கள். இந்தியாவின் தத்து போகனல் மகாராஷ்டிரத்தின் வறண்ட கிராமமொன்றில் கிணறு வெட்டுபவரின் மகன். இராணுவத்தில் சேர்ந்து, 2012இல்தான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் நால்வர் படகில் தங்கம்.

நான் மஸ்கெலியாக்காரன். மவுசாகலை நீர்த்தேக்கம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இருந்து தெரியும். கோடையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் தலைகாட்டும். அவ்வளவு தண்ணீர் இருந்தும் பந்தயப் படகை நான் கண்டது கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிறகு, பேர வாவியில்தான். பிறகு அங்கே ஒரு கழகத்தில் படகு கழுவித் தூக்கி வைக்கும் வேலை கிடைத்தது. பயிற்றுநர் ஒருநாள் என்னைத் துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்தார்.

இது கைப்பலத்து விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருக்கை சில்லில் முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் பலகையில் பூட்டியிருக்கும். காலால் உதைத்துத்தான் படகை ஓட்டுகிறோம், கை கடைசியில்தான் இழுக்கிறது. இழுத்து முடிந்ததும் பிடியைக் கீழே அழுத்தித் துடுப்பைத் தண்ணீரில் இருந்து எடுத்து, பிறகு மணிக்கட்டைத் திருப்பி அதைப் படுக்கவைக்க வேண்டும். எடுக்கத் தாமதித்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், பிடி நெஞ்சில் வந்து இடிக்கும். சரிவில் ஏறி இறங்கி வளர்ந்த கால்கள் எனக்கு அங்கே கைகொடுத்தன. "மலையில் பிறந்தவனெல்லாம் வீரனா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் கால்களைப் பற்றித்தான் சொல்கிறேன். உயரமானவர்களுக்கு ஒவ்வோர் இழுப்பும் நீளம் என்பதையும் மறுக்கவில்லை. மெலிந்த ஆண்களுக்கென்று 72.5 கிலோவுக்கு மேற்படாத பிரிவு ஒன்று 1996 முதல் ஒலிம்பிக்கில் இருந்தது. 2024 பாரிஸோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். அநியாயம்.

தெரிவுப் போட்டிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கடிதம் அடையாள அட்டையில் இருந்த முகவரிக்குப் போனது, அதாவது தோட்ட அலுவலகத்துக்கு. அம்மா பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன ஒரு காலையில் அதைக் கையில் கொடுத்தார்கள். உறையில் தபால் முத்திரை பளிச்சென்று இருந்தது; போட்டி முடிந்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. அடுத்த தெரிவு வருவதற்குள் அப்பா படுக்கையில் விழுந்தார், நான் ஊர் திரும்பிவிட்டேன். எங்கள் மக்கள் இந்தியாவில் இருந்து வந்து 200 ஆண்டுகள் என்று 2023இல் மேடை போட்டுப் பேசினார்கள். எங்கள் காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, முகவரி இலக்கம் ஒன்று போட எவருக்கும் தோன்றவில்லை. பரீட்சை அனுமதி அட்டை, வங்கிக் கடிதம், வேலைக்கான நேர்முக அழைப்பு என்று எத்தனை பிள்ளைகளின் கடிதங்கள் யாரோ ஒருவரின் மேசையில் கிடந்து பழசாகின்றன! கேட்டால் "அரசியல் பேசாதே" என்பார்கள். பேசுவேன்.

நீங்கள் முதலில் நீச்சல் பழகுங்கள். கொழும்புக்கு வந்ததும் ஏதாவது ஒரு கழகத்தில் இயந்திரத்தில் 2000 மீட்டர் வலித்துக் காட்ட அனுமதி கேளுங்கள். ஒலிம்பிக் பந்தயத் தூரமும் அதுதான். எந்தப் படிவத்திலும் தங்கியிருக்கும் வீட்டு இலக்கத்தையே எழுதுங்கள். தங்க இடமில்லை என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.