கணினி கேள்வி–பதில்: கரண்ட் போனது, உபுண்டு பாதியில் நின்றது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளங்களில் ஒன்றைப் போட்டவர்களும், பழைய உபுண்டுவிலிருந்து புதியதற்குத் தாவியவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த இதழில். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். கோடு, இடைவெளி, சாய்வுக்கோடு மூன்றும் அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. டெஸ்க்டாப் கணினி, யுபிஎஸ் கிடையாது. இப்போது ஆன் செய்தால், கறுப்புத் திரையில் வரிகள் ஓடி, 'கெர்னல் பேனிக்… விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று நின்றுவிடுகிறது. பத்து வருடப் படங்கள் அதில் இருக்கின்றன. ஃபார்மேட் செய்வதைத் தவிர வழி உண்டா?
— வாசகர், திண்டுக்கல்

ஃபார்மேட் பேச்சையே எடுக்காதீர்கள். அந்த வரியைப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் பாதியில் நின்ற மேம்படுத்தலுக்குப் பிறகு இது வந்தால் காரணம் அநேகமாக வேறு. கணினி எழும்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிஸ்க்கை எட்டிப் பிடிக்கத் தேவையான டிரைவர்களை மூட்டையாகக் கட்டித் தருவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு. புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குரிய மூட்டையைக் கட்டுமுன் கரண்ட் போய்விட்டது. கெர்னல் வெறுங்கையோடு நிற்கிறது, அவ்வளவுதான்.

பழைய கெர்னல் இன்னும் அழிந்திருக்காது. அதன் வழியாக உள்ளே போவோம். ஆன் செய்ததும் கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பதற்றத்தில் படபடவென்று தட்டினால் கிரப் மெனுவையும் (எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல்) தாண்டி அதன் கட்டளை வரிக்குள் போய் விழுவீர்கள். விழுந்தால் 'நார்மல்' என்று அடித்து என்டர் தட்டி, உடனே மறுபடி எஸ்கேப். யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய வகை அடிப்படை மென்பொருள்) இல்லாத பழைய போர்டு என்றால் எஸ்கேப்புக்குப் பதில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு' என்பதற்குள் போனால் கெர்னல்கள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது, அதைத் தொடாதீர்கள். கீழே எண் குறைவாக உள்ள கெர்னலின் 'ரெக்கவரி மோட்' வரியைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் 'ரூட்' என்பதை எடுத்தால் ஒரு கட்டளை வரி கிடைக்கும். அங்கே வரிசையாக:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /
டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

முதல் வரி இல்லாமல் மற்ற இரண்டும் வேலை செய்யாது. ரெக்கவரி மோடில் டிஸ்க் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும். இரண்டாவது, பிரித்துப் போட்டு அமைக்காமல் விட்ட பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) ஒவ்வொன்றாக முடித்துவைக்கும். நூற்றுக்கணக்கில் இருக்கலாம், காத்திருங்கள். நடுவே 'உங்கள் பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்டால் வெறும் என்டர் போதும், பழையது அப்படியே இருக்கும். மூன்றாவது வரி இணையம் கேட்டால், பட்டியலுக்குத் திரும்பி 'நெட்வொர்க்' என்பதை எடுத்துவிட்டு வாருங்கள். வைஃபையை நம்பாதீர்கள், கேபிளைச் செருகுங்கள்.

பிறகு 'எல்எஸ் /பூட்' என்று அடித்துப் பாருங்கள். 'விஎம்லினுஸ்' என்று தொடங்குவது கெர்னல். அப்படி ஒவ்வொரு கோப்புக்கும், அதே எண்ணோடு 'இனிட்ஆர்டி' என்று தொடங்கும் ஜோடி (மேலே சொன்ன மூட்டை) இருக்க வேண்டும். புதிய கெர்னலுக்கு ஜோடி இல்லையென்றால் அதுதான் உங்கள் குற்றவாளி. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்தக் கெர்னலின் பெயரில் 'விஎம்லினுஸ்-' என்பதை விட்டு மீதியை (எண்ணில் தொடங்கி 'ஜெனரிக்' என்று முடியும்வரை) எழுதி என்டர் தட்டுங்கள். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் பூட் பார்ட்டிஷன் நிறைந்திருக்கிறது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுத்துப் பழைய கெர்னல்களைக் கழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். கடைசியாக 'அப்டேட்-கிரப்', பிறகு 'ரீபூட்'. கணினி வழக்கம்போல் எழுந்தபின் 'சுடோ ஆப்ட் அப்டேட்', 'சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' இரண்டையும் ஒருமுறை ஓட்டினால்தான் மேம்படுத்தல் உண்மையில் முடியும். பதிப்பு எண் 24.04 என்று காட்டுவதை மட்டும் வைத்து முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பாதிப் பேக்கேஜ்கள் பழையதாகக் கிடக்கும்போதும் அது அப்படித்தான் காட்டும்.

எந்தக் கெர்னலும் எழவில்லையா? உபுண்டு பென் டிரைவிலிருந்து 'ட்ரை உபுண்டு' வழியாக எழுப்புங்கள். ஃபைல்ஸைத் திறந்தால் பழைய டிஸ்க் தெரியும். முதல் வேலையாகப் படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகு 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்தால் எந்தப் பார்ட்டிஷனில் உபுண்டு இருக்கிறது என்பது தெரியும். அது எஸ்டிஏ2 என்று வைத்துக்கொண்டால்:

சுடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி
சுடோ மவுண்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்

இதே போல் ப்ராக், சிஸ் இரண்டுக்கும் பைண்ட் செய்துவிட்டு, 'சுடோ சிஎச்ரூட் /எம்என்டி'. பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதையும் ஏற்ற மறக்காதீர்கள். இப்போது நீங்கள் பழுதான உபுண்டுவுக்குள் நிற்கிறீர்கள். மேலே சொன்ன கட்டளைகளை, ரீமவுண்ட் வரியை மட்டும் விட்டுவிட்டு, இங்கே கொடுக்கலாம்.

என்விடியா ஜிடி 710 கார்டு. டிரைவரை அவர்கள் தளத்திலிருந்து '.ரன்' கோப்பாக இறக்கிப் போட்டிருந்தேன், நன்றாக ஓடியது. 24.04-க்கு மாறியதும் உபுண்டு லோகோவுக்குப் பிறகு திரை கறுப்பாகிவிடுகிறது.
— வாசகர், ஈரோடு

அந்த '.ரன்' கோப்புதான் வினை. அது அன்றைக்கு ஓடிய கெர்னலுக்கு மட்டும் டிரைவரைக் கட்டிவைக்கிறது, உபுண்டுவின் பேக்கேஜ் கணக்கில் வராது. கெர்னல் மாறியதும் அதற்கான டிரைவர் இல்லை, மிச்சம் கிடக்கும் கோப்புகளோ வழியை மறிக்கின்றன.

கிரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று ஆங்கில 'ஈ' விசையைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீள வரியின் கடைசியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். மங்கலாக, பெரிய எழுத்துகளோடு ஒரு திரை வரும். இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டும்தான்.

உள்ளே போனதும் 'சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்'. பிறகு 'சுடோ ஆப்ட் பர்ஜ் "என்விடியா*"'. உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோள் குறிகளையும் சேர்த்தே அடிக்க வேண்டும். அடுத்து 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' என்று கேட்டால் உங்கள் கார்டுக்குப் பொருந்தும் எண்ணைச் சொல்லும். ஜிடி 710 கெப்ளர் வகை. அந்த வகைக்கு என்விடியா தந்த கடைசி வரிசை 470. அதனால் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-470'. புதிய எண் நல்லது என்று 535, 550 போடாதீர்கள், அவை உங்கள் கார்டைக் கண்டுகொள்ளாது. இதைவிடப் பழைய ஜிடி 610 வைத்திருப்பவர்கள் இந்த விளையாட்டையே விட்டுவிட்டு, உபுண்டுவோடு வரும் நூவோ டிரைவரிலேயே இருப்பது மேல்.

செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் உள்ளே விடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அதைத் தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரீபூட் ஆகும்போது 'பெர்ஃபார்ம் எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று ஒரு நீலத்திரை சில நொடிகள்தான் நிற்கும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம். அங்கே ஒரு விசையைத் தட்டி 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிரைவர் டிஸ்க்கில் இருந்தும் கெர்னல் உள்ளே விடாது. 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருவது இதனால்தான். தவறவிட்டவர்களுக்கு: 'சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/எம்ஓகே.டெர்' கொடுத்து ரீபூட் செய்தால் நீலத்திரை மறுபடி வரும். இதில் 'எம்ஓகே' மட்டும் பெரிய எழுத்தில். கடவுச்சொல்லில் குறியீடுகள் வேண்டாம். நீலத்திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இருக்கும். எண்ணும் எழுத்தும் போதும். எல்லாம் சரியா என்று பார்க்க 'என்விடியா-எஸ்எம்ஐ'. ஒரு அட்டவணை வந்தால் சரி.

விண்டோஸ் இருந்த லேப்டாப்பிலேயே உபுண்டு 24.04 போட்டேன். கிரப் மெனுவில் விண்டோஸைக் காணோம். அழிந்துவிட்டதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

முதலில் கணினியின் சொந்த பூட் மெனுவைத் திறங்கள். எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவோ என்றால் எஃப்12. 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அங்கே இருந்தால் விண்டோஸ் நலமாக இருக்கிறது, கிரப் அதைத் தேடவில்லை என்பதுதான் விஷயம். கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பாதுகாப்புக் கருதி, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை கிரப்பை உருவாக்குபவர்களே அணைத்துவைத்துவிட்டார்கள்.

'சுடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' என்று திறந்து, கடைசி வரியாக 'கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்று சேருங்கள். சமக்குறிக்கு முன்னால் உள்ளதெல்லாம் பெரிய எழுத்து, 'ஃபால்ஸ்' சிறிய எழுத்து, சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. கன்ட்ரோல்+ஓ, என்டர், கன்ட்ரோல்+எக்ஸ். பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்'. ஓடும்போதே 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி வரவேண்டும்.

கிரப் வழியாகப் போனபின் விண்டோஸ் 48 இலக்க பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) சாவி கேட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம்.

இரண்டு இயங்குதளமும் போட்டதிலிருந்து விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. மதர்போர்டு பேட்டரி மாற்றியும் பயனில்லை.
— வாசகர், கும்பகோணம்

பேட்டரி காசு வீண். ஐந்தரை மணி என்ற கணக்கே விடையைச் சொல்லிவிடுகிறது. போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதுகிறது, உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுங்கள், இருவரும் ஒத்துப்போவார்கள். கோடை, குளிர்கால நேரம் மாறும் நாடுகளில் இது சிக்கல் தரும் என்று உபுண்டு எச்சரிக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

உபுண்டுவில் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை.
— வாசகர், வேலூர்

விண்டோஸை 'ஷட் டவுன்' செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது. அதன் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால் உபுண்டு கையைக் கட்டிக்கொள்கிறது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்து, மறுபடி ஷட் டவுன் செய்யுங்கள். உபுண்டு பக்கத்திலிருந்து என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அது வலுக்கட்டாயம், விண்டோஸ் எழவே எழாது என்ற நிலையில் மட்டும் அதைத் தொடுங்கள்.

உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். ஆனால் 'அம்மா' என்று அடித்தால் புள்ளி தானாக விழவில்லை. பழைய வினாத்தாள் கோப்புகளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன.
— தமிழாசிரியை, மதுரை

நீங்கள் சேர்த்தது பெயரில் தமிழ்99, வேலையில் பாதிதான். உபுண்டுவோடு வரும் அடிப்படை விசைப்பலகை அமைப்புக்கு, இந்த விசைக்கு இந்த எழுத்து என்பது மட்டுமே தெரியும். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்துப் புள்ளி வைக்கவோ, உயிரை உயிர்மெய்க் குறியாக மாற்றவோ அதற்குத் தெரியாது. அந்த வேலையை எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் செய்கிறது. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்' கொடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் என்று போய் கூட்டல் குறியை அழுத்தி, தமிழில் 'தமிழ்99 (எம்17என்)' என்று உள்ளதைச் சேருங்கள். முன்பு சேர்த்ததை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எது எது என்று குழம்பும். இப்போது ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, கியூ என்று நான்கே தட்டில் 'அம்மா' வரும். ரெங்கநாதன் அமைப்பில் பழகிய இலங்கை வாசகர்களுக்கும் அது அதே பட்டியலில் இருக்கிறது.

வினாத்தாள்கள் யூனிகோடு வருமுன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டியது. பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து, ஹோம் ஃபோல்டருக்குள் '.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் போட்டு (முன்னால் புள்ளி இருப்பதால் மறைந்திருக்கும், கன்ட்ரோல்+எச் காட்டும்), 'எஃப்சி-கேஷ் -எஃப்' ஓட்டி, லிப்ரேஆஃபிஸை மூடித் திறங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள்.

எதை நிறுவப் போனாலும் 'குட் நாட் கெட் லாக்' என்று வருகிறது. லாக் கோப்பை அழித்துவிடலாம் என்கிறார்கள். அழிக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

கூடாது. அந்தச் செய்தியையே முழுதாகப் படியுங்கள். பூட்டை யார் பிடித்திருக்கிறார் என்று எண்ணும் பெயரும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்று பாதியில் அறுந்த பெயர். பதினைந்து எழுத்துக்கு மேல் அங்கே இடமில்லை. அது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட். ஓடும்போது பூட்டை அழித்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ் கணக்கில் கைவைப்பார்கள். திண்டுக்கல் வாசகருக்குக் கரண்ட் போய் நடந்தது உங்களுக்குக் கரண்ட் இருக்கும்போதே நடக்கும். கால்மணி நேரம் விட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் அசையவே இல்லையென்றால் முறையாக ரீபூட் செய்து, 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டிவிட்டு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.