கேள்வி மேடை: ஆய்வகத்துக்கு வெளியே செயற்கை உயிரியல்

செயற்கை உயிரியலில் இறங்கியிருக்கும் மாணவர் அணிகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

எங்கள் கல்லூரியில் எட்டுப் பேர் சேர்ந்து ஐஜெம் போட்டிக்கு அணி அமைத்திருக்கிறோம். பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட், 40 நிமிடம், கொடுத்திருக்கிறார்கள். பவர்பாயின்ட் தயார். வேறு என்ன எடுத்துப் போகலாம்?
— மாணவி, காலாப்பட்டு

பவர்பாயின்ட்டை விட்டுவிட்டு வாழைப்பழம் எடுத்துப் போங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: பாக்டீரியா போன்ற உயிரிகளின் மரபணுக்களை மாற்றியமைத்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய வைப்பது செயற்கை உயிரியல். அதற்கான மாணவர் போட்டிதான் ஐஜெம். 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு ஜனவரி மாத வகுப்பாகத் தொடங்கி, 2004-ல் ஐந்து அணிகளோடு போட்டியானது. இப்போது நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. 2022 முதல் இறுதிச் சுற்று பாரிஸில் நடக்கிறது. ஆய்வக வேலைக்கு இணையாக, வெளியே யாரிடம் பேசினீர்கள், அதனால் உங்கள் திட்டம் எப்படி மாறியது என்பதையும் நடுவர்கள் கேட்பார்கள்.

இனி வாழைப்பழம். நாற்பது பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒருவராக நீங்கள் எட்டுப் பேரும் உட்காருங்கள். ஒரு குழுவுக்குத் தேவை: நன்கு பழுத்த வாழைப்பழத்தில் 50 கிராம், தண்ணீர் 100 மி.லி., அரைத் தேக்கரண்டி உப்பு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 தேக்கரண்டி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, வெள்ளை வேட்டித் துணித் துண்டு, சோதனைக் குழாய், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 10 மி.லி. ஆல்கஹாலை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து, காலையில் மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, மூடிய பாட்டிலாகவே கொண்டுபோங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள். அறையில் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் எரியக் கூடாது.

பழத்தைப் பைக்குள் போட்டுக் கட்டி இல்லாமல் பிசைய வேண்டும். உப்பும் சோப்பும் கலந்த தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகப் புரட்ட வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் உற்சாகத்தில் பையைக் குலுக்கித் தள்ளுவார்கள். நுரை பொங்கிவிட்டால் பிறகு அடுக்குப் பிரிவது கண்ணுக்குத் தெரியாது, டி.என்.ஏ. இழையும் துண்டு துண்டாக அறுந்துபோகும். துணியில் வடிகட்டிய சாற்றில் 10 மி.லி.யைக் குழாயில் எடுத்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, குளிர்ந்த ஆல்கஹாலை உள்சுவர் வழியாக வழிய விடுங்கள். ஆல்கஹால் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டும் சேருமிடத்தில் வெள்ளையாக, பஞ்சைத் தண்ணீரில் போட்டதுபோல ஒன்று மேலெழும். ஈர்க்குச்சியால் சுற்றி எடுக்கலாம்.

ஏன் என்று கேட்காத வகுப்பு கிடையாது. செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தைச் சோப்பு கரைக்கிறது. டி.என்.ஏ.வின் எதிர்மின்னூட்டத்தை உப்பு அடக்குவதால் இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் நெருங்குகின்றன. ஆல்கஹாலில் கரைய முடியாமல் திரள்கின்றன. அதோடு உண்மையையும் சொல்லிவிடுங்கள்: ஈர்க்குச்சியில் தொங்குவது முழுக்க டி.என்.ஏ. அல்ல. வாழையின் பெக்டினும் கொஞ்சம் புரதமும் சேர்ந்து வந்திருக்கும். "இதோ டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்" என்று கைதட்டல் வாங்கிவிட்டு வருவது எளிது. ஆனால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது பின்னாளில் உயிர்வேதியியல் படிக்கும்.

ஆல்கஹாலுக்குப் பதில் கை சானிடைசர் போதுமா என்று கேட்பார்கள். போதாது. அதில் சேர்த்திருக்கும் தண்ணீரும் கெட்டிப்படுத்தும் பசையும் அடுக்குப் பிரிய விடாது.

நேரம் மிஞ்சினால் மஞ்சள் காகிதம். 20 மி.லி. ஆல்கஹாலில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கலக்கி, வடிதாளை நனைத்துக் காய வைத்து எடுத்துப் போயிருங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் சிவந்ததைப் பார்க்காத பிள்ளை நம்மூரில் உண்டா? "ஒன்று உள்ளே போனால் வேறொன்று வெளியே தெரிகிறது, பாக்டீரியாவிலும் இப்படி ஒரு உணரியைத்தான் அமைக்கப் பார்க்கிறோம்" என்று அங்கிருந்து உங்கள் திட்டத்துக்குள் நுழையலாம்.

பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவை இந்த அணிகள் செய்கிறார்களாமே. பாக்டீரியா வளர்ந்த ஒரே ஒரு தட்டை எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாமா?
— ஆசிரியர், பாகூர்

கூடாது. மூடி ஒட்டிய தட்டாக இருந்தாலும் கூடாது. மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள்வது நம் நாட்டில் 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளுக்கு உட்பட்டது. நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்குள்தான் அந்த வேலை நடக்க வேண்டும். ஐஜெம் போட்டியும், உருவாக்கிய உயிரியை ஆய்வகத்தை விட்டு வெளியே விடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுபோன ஒரு தட்டால் வருட உழைப்பும் போகலாம்.

அதற்குப் பதிலாக, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்றும் மஞ்சள் ஹைலைட்டர் பேனா ஒன்றும் வாங்குங்கள். ஹைலைட்டரின் திரியை எடுத்து 100 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் இருட்டறையில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். டானிக் வாட்டரில் உள்ள குயினைன் நீலமாக ஒளிரும். ஒரு நிற ஒளியை வாங்கி வேறொரு நிறத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் ஒளிர்தல் என்பது புரிந்துவிடும். பாக்டீரியாவைப் பச்சையாக ஒளிர வைக்கும் புரதம் முதலில் ஒரு ஜெல்லி மீனில்தான் கிடைத்தது, அதற்காக 2008-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிய சொறி மீனைக் குச்சியால் குத்திப் பார்த்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். டார்ச்சை மட்டும் யார் கண்ணிலும் அடிக்க விடாதீர்கள்.

உப்பனாற்றுத் தண்ணீரில் கன உலோகம் இருக்கிறதா என்று காட்டும் பாக்டீரியா உணரிதான் எங்கள் திட்டம். மீனவர்களிடம் போய் விளக்கினோம். மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எங்கே தவறு?
— மாணவர், கடலூர் முதுநகர்

விளக்கினீர்கள் அல்லவா, அங்கேதான்.

முதலில் நேரம். விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது யாருக்கும் காது கொடுக்க நேரம் இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை சரிசெய்துகொண்டு கரையில் இருப்பார்கள். அப்போது போங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரை முதல் நாளே பார்த்து, யார், எந்தக் கல்லூரி, எதற்கு வருகிறோம், என்ன தரப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். நீங்கள் இழப்பீடு வாங்கித் தர வந்தவர்கள் அல்ல. அதை மறைத்தால் இரண்டாம் முறை அந்தத் தெருவில் நுழைய முடியாது. மீன் விற்கும் பெண்களைத் தனியாகப் பாருங்கள். மீன் கெட்டால் முதல் நஷ்டம் அவர்களுக்கு.

பிறகு கேள்விகள். "எங்கள் உணரி எப்படி?" என்று கேட்காதீர்கள். "தண்ணி சரியில்லைன்னு எதை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். நிறம், நாற்றம், எந்தக் காற்றுக்கு, எந்த வெள்ளத்துக்கு, எந்த இடத்தில் மீன் மிதக்கும் என்று வரும் பதில்கள் உங்கள் மாதிரி எடுக்கும் இடங்களையே மாற்றக்கூடும். கழிமுகத்தில் ஏற்றத்தின்போது எடுத்த தண்ணீரும் வற்றத்தின்போது எடுத்ததும் ஒன்றல்ல. ஏற்றத்தில் கடல்நீர் கலந்து மாசு நீர்த்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு வேளையும் எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த உப்பு உங்கள் பாக்டீரியாவுக்கும் பிரச்சினை. ஆய்வகத்தில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்க்கும் எல்.பி. ஊடகத்தில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு. கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம். கழிமுக நீரை அப்படியே ஊற்றினால் பாக்டீரியா மந்தமாகும், உணரி "உலோகம் இல்லை" என்று பொய் சொல்லும். நான்கு மடங்கு நீர்த்தால் உப்பு குறையும், ஆனால் உலோகமும் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தெரிந்த அளவு உலோகம் சேர்த்த அதே கழிமுக நீரை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். அது ஒளிராவிட்டால் அன்றைய முடிவுகள் எல்லாமே குப்பை.

இன்னொன்றையும் அவர்கள் கேட்பார்கள்: எவ்வளவு நேரத்தில் சொல்லும்? 37 டிகிரியில் சில மணி நேரம் என்றால் ஏலத்தில் நிற்பவருக்கு அது உதவாது. எடின்பரோ பல்கலைக்கழக அணி 2006-ல் ஆர்செனிக் உணரி செய்தபோது, ஒளிர்வை அளக்கும் கருவி தேவைப்படாதபடி அமிலத்தன்மை மாறுவதையே விடையாக வைத்தது. சாதாரண நிறங்காட்டியே போதுமென்றாகிவிட்டது. யார் கையில் போகப்போகிறது என்று முன்பே யோசித்ததன் பலன் அது.

சிதம்பரத்தில் உள்ள ஒரு அணியோடு கூட்டு சேர்ந்தோம். அதே பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் ஏற்றும் வட்ட டி.என்.ஏ.), அதே ஈ.கோலை வகை. ஒளிர்வு எங்களுக்கு 12,000, அவர்களுக்கு 800. யார் பிழை?
— மாணவர், லாஸ்பேட்டை

அனேகமாக யார் பிழையும் இல்லை. ஒளிர்வு அளக்கும் கருவி தரும் எண்ணுக்கு அலகு கிடையாது. உணர்திறனைக் கூட்டி வைத்தால் எண் கூடும். ஒருவர் படியிலும் இன்னொருவர் மரக்காலிலும் அளந்துவிட்டு நெல் குறைகிறது என்பது போல. இதற்காகவே ஐஜெம் 2014 முதல் பல நாட்டு ஆய்வகங்களை ஒரே அளவீட்டைச் செய்யவைத்துப் பார்த்தது.

இருவரும் ஃபுளோரசீன் சாயத்தை வைத்து அளவுகோல் போடுங்கள். ஒரே பாட்டிலிலிருந்து பகிர்ந்துகொள்வது நல்லது. பி.எச். (அமில-கார அளவு) 7.4-ல் நிலைத்து நிற்கும் பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் 10 மைக்ரோமோலார் செறிவுக்குத் தயாரியுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், இந்தச் சாயத்தின் ஒளிர்வு பி.எச். மாறினால் மாறும். 96 குழித் தட்டில் முதல் குழியில் இதை 200 மைக்ரோ லிட்டர், 2 முதல் 12 வரை பி.பி.எஸ். 100 மைக்ரோ லிட்டர். முதலாவதிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் விட்டு மூன்று முறை உறிஞ்சி விட்டுக் கலக்கி, அதிலிருந்து 100 மூன்றாவதுக்கு என்று பதினொன்று வரை. பதினொன்றிலிருந்து எடுக்கும் 100-ஐக் கழிவில் கொட்டுங்கள். அதைப் பன்னிரண்டில் விடுவதுதான் வழக்கமான பிழை. அது வெறுங்குழியாக இருக்க வேண்டும். நான்கு வரிசை போடுங்கள். சாயம் வெளிச்சத்தில் மங்கும், அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

வரைபடம் நேர்கோடாக வர வேண்டும். மேல்முனை தட்டையானால் உணர்திறன் அதிகம், குறைத்து மறுபடி அளக்க வேண்டும். கீழ்முனை தாறுமாறாக இருந்தால் பிப்பெட் பிடித்த கை சரியில்லை. உதாரணத்துக்கு, ஒரு மைக்ரோமோலாருக்கு உங்கள் கருவி 60,000 காட்டுகிறது, அவர்கள் கருவி 4,000 காட்டுகிறது என்று வையுங்கள். 12,000-ஐ 60,000-ஆல் வகுத்தால் 0.2. 800-ஐ 4,000-ஆல் வகுத்தாலும் 0.2. சண்டை தீர்ந்தது. பாக்டீரியாவையும் அதே அமைப்பில், அதே ஒளி வடிகட்டியில், குழிக்கு அதே 100 மைக்ரோ லிட்டரில் அளந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். கொள்ளளவு மாறினால் ஒளி கடக்கும் ஆழம் மாறி, செல் அடர்த்தி எண்ணும் மாறிவிடும்.

ஒரு சொல் அதிகப்படியாக: இதுதான் கூட்டு. இரண்டு அணிகள் வீடியோ அழைப்பில் கையசைத்துப் படமெடுத்துக்கொள்வது அறிமுகம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத ஏதாவது ஒன்று நடந்திருக்க வேண்டும்.

வேறு ஊர் அணிக்குப் பிளாஸ்மிட் அனுப்ப வேண்டும். கூரியரில் பாக்டீரியாக் குழாயை வாங்க மறுக்கிறார்கள்.
— மாணவி, நெய்வேலி

மறுப்பது சரிதான். உயிரோடு அனுப்பத் தேவையும் இல்லை. வடிதாளில் பென்சிலால் சிறு வட்டம் போடுங்கள். பேனா மை கரைந்து ஊறும். அதனுள் மைக்ரோ லிட்டருக்கு 100 நானோ கிராம் அளவுள்ள டி.என்.ஏ. 10 மைக்ரோ லிட்டர் விட்டு ஒரு மணி நேரம் காய விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் வையுங்கள். நம் கடலோர ஈரத்தில் சிலிக்கா ஜெல் இல்லாமல் அனுப்பாதீர்கள். பெறுபவர் வட்டத்தை வெட்டி, கிருமிநீக்கிய தண்ணீர் 50 மைக்ரோ லிட்டரில் பத்து நிமிடம் ஊற வைத்து, அதில் 5 மைக்ரோ லிட்டரை செல்லுக்குள் ஏற்றலாம். அந்த டி.என்.ஏ. பாக்டீரியாவை எந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாங்க வைக்கிறது என்பதை உறையிலேயே எழுதுங்கள். அதை எழுதாததால்தான் "உங்கள் டி.என்.ஏ. வேலை செய்யவில்லை" என்ற புகார் பாதி வருகிறது. காய்ந்த டி.என்.ஏ. உயிரி அல்ல என்றாலும் இருபுறமும் உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்து, கைமாற்று ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் இந்த அணியில் இருக்கிறான். ஈ.கோலை என்றால் வயிற்றுப்போக்குக் கிருமி இல்லையா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
— தாய், மஞ்சக்குப்பம்

ஈ.கோலையில் நோய் தருபவை சில வகைகளே. மாணவர்கள் வழக்கமாகக் கையாள்வது கே-12 என்ற வகையின் வழிவந்தது; பல பத்தாண்டுகள் ஆய்வகத்திலேயே வளர்ந்து, குடலில் நிலைகொள்ளும் திறனை இழந்துவிட்டது. என்றாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆய்வகத்தில் அணியும் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறானா, வெளியே வருமுன் சோப்பு போட்டுக் கை கழுவுகிறானா, உள்ளே கைப்பேசியைத் தொடுகிறானா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் "இல்லை" வர வேண்டும்.

மக்கள் கருத்து அறிய கூகுள் ஃபார்ம் போட்டோம். 200 பதில், 94 சதவீதம் ஆதரவு. இதை நடுவர்களிடம் காட்டலாமா?
— மாணவர், அரியாங்குப்பம்

யாருக்கு அனுப்பினீர்கள்? வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு என்றால், அந்த 94 சதவீதம் உங்கள் நண்பர்களின் நல்ல மனசைத்தான் அளக்கிறது. "மாசைக் குறைக்கும் நல்ல பாக்டீரியாவை ஆதரிக்கிறீர்களா?" என்ற மாதிரி கேள்வி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், 'நல்ல' என்ற சொல்லே பதிலை ஊட்டிவிடுகிறது. கேள்வித்தாளைக் கல்லூரியின் நெறிமுறைக் குழு பார்ப்பது கேட்பதற்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் தேவையில்லாதபோது கேட்காதீர்கள்.

ஆதரிக்காத 6 சதவீதம், அதாவது 12 பேர். அவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று எழுதியிருக்கிறார்களா? அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.