300 டாலருக்குள் ஒரு கைத்துப்பாக்கி

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய புறநகரில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் எனக்கு இரவுப் பணி. மனைவியும் எட்டு வயது மகளும் தனியாக இருப்பார்கள். வீட்டுக் காவலுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்க 300 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் மூன்றைக் காட்டினார்: டாரஸ் ஜி3சி, ரூகர் இசி9எஸ், ஹை-பாயின்ட் சி9. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றும் 9 மி.மீ. தோட்டா போடுபவை. மூன்றும் மலிவு, ஆனால் மூன்று நிறுவனங்களும் மூன்று வெவ்வேறு இடங்களில் தயாரிப்புச் செலவைக் குறைத்திருக்கின்றன. எங்கே குறைத்தார்கள் என்று பார்த்துவிட்டால் உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது விளங்கிவிடும்.

ஹை-பாயின்ட் குறைத்தது இயந்திரத்தில். பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் வெடிக்கும் கணத்தில் குழலும் மேலே ஓடும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அந்த வேலைப்பாட்டுக்குக் காசு அதிகம். ஹை-பாயின்டில் பூட்டே கிடையாது. ஸ்லைடின் எடையும் சுருள்கம்பியின் விறைப்பும்தான் உதைப்பைத் தாங்குகின்றன. அதனால்தான் துத்தநாகக் கலவையில் வார்த்த அந்த ஸ்லைடு அவ்வளவு தடிமன். எட்டுத் தோட்டா கொள்ளும் துப்பாக்கி 800 கிராமைத் தாண்டுகிறது, அந்தக் கனமும் தலைப்பக்கமே நிற்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அதன் சொந்தக்காரர்கூடச் சொல்லமாட்டார். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒஹாயோவில் தயாராகும் இந்தத் துப்பாக்கி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆயுள் முழுக்க இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறார்கள். இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள பிஸ்டல் பலவற்றுக்கு இந்த உத்தரவாதம் இல்லை.

ரூகர் குறைத்தது குறிபார்க்கும் முனைகளில். தனியாகப் பொருத்தாமல் ஸ்லைடிலேயே கடைந்துவிட்டார்கள். கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் மாற்ற வழியில்லை. மற்றபடி ஒழுங்கான சாமான்தான். ஓர் அங்குலத்துக்கும் குறைவான தடிமன், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, மேகசினில் ஏழு தோட்டா. சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவருக்காகச் செய்தது. உங்களுக்கோ அது படுக்கையறையை விட்டு நகரப்போவதில்லை. எடை குறையக் குறைய உதை கூடும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்; கண்ணாடிப் பெட்டியில் சின்னத் துப்பாக்கிதான் அழகாகத் தெரியும். நானும் முதன்முதலில் அப்படிச் சின்னதாக ஒன்றை வாங்கினேன். இரண்டாவது பெட்டித் தோட்டா முடிவதற்குள் கை சலித்து, ஓராண்டு அதைத் தொடவே இல்லை.

டாரஸ் ஜி3சி 2020இல் வந்தது. பிரேசில் நாட்டு நிறுவனம்; அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் பெயின்பிரிட்ஜில் ஆலை வைத்திருக்கிறது. 12 தோட்டா கொள்ளும், கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்பு விசையும் உண்டு. இந்தப் பெயரைச் சொன்னதும் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், காரணமும் இருக்கிறது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று ஒன்பது பழைய மாடல்கள் மீது வழக்கு வந்து, 2015இல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தவறை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள பழைய பிடி-111 மில்லேனியத்தை யாராவது அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்றால் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

மூன்றில்தான் ஒன்று என்றால் ஜி3சி. ஆனால் நான்காவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9விஇ. பெட்டி பிரிக்காததோ கைமாறியதோ, 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். 4 அங்குலக் குழல், 16 தோட்டா, கை நிறையப் பிடி. வீட்டில் வைப்பதற்கு இந்த அளவுதான் சரி. இங்கே காசைக் குறைத்தது சுடும் விசையில் (டிரிகர்). இழுக்க ஏறத்தாழ மூன்றரைக் கிலோ அழுத்தம் வேண்டும். இலக்குப் பந்தயத்துக்கு அது இடைஞ்சல். பதற்றத்தில் தவறி இழுத்துவிடக் கூடாத வீட்டுத் துப்பாக்கிக்கு அதைப் பெரிய குறை என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விஷயம்: இரவில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. எனவே கடைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். காலித் துப்பாக்கியின் ஸ்லைடை அவர் பத்து முறை பின்னுக்கு இழுத்துப் பார்க்கட்டும். ஆறாவது முறையே விரல் வழுக்கினால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. அப்படியானால் அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு இஇசட் பிஸ்டலைப் பாருங்கள்; 9 மி.மீ.ஐவிடச் சற்றுச் சிறிய .380 தோட்டா போடுவது. எளிதாக இழுக்க வரவேண்டும் என்றே 2018இல் கொண்டுவந்தது. விலை கூடும், கைமாறியதாகத் தேட வேண்டியிருக்கும். துப்பாக்கிகளை வாடகைக்குத் தரும் சுடுதளங்கள் உங்கள் பக்கம் நிறைய. அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் நான் எழுதியதில் பாதி தேவைப்படாது.

இப்போது கணக்கு. 300 டாலரையும் துப்பாக்கிக்கே போட்டால் மீதிக்கு என்ன செய்வீர்கள்? 50 தோட்டாப் பெட்டி 15 டாலரை ஒட்டி வருகிறது. பழகிக்கொள்ளக் குறைந்தது ஐந்து பெட்டியாவது வேண்டும். காது மூடி, கண்ணாடி, ஒருநாள் பயிற்சி வகுப்பு, விரலால் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி. எல்லாம் சேர்ந்து துப்பாக்கி விலையை எட்டிவிடும். பணம் கைக்கு வரும்வரை பொறுங்கள். இரும்புப் பெட்டியைத் தள்ளிப்போட்டுத் துப்பாக்கியை மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டாமல் அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டப்படி குற்றம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அலமாரியின் மேல்தட்டு ஒரு நாற்காலி தூரம்.

இன்னொன்று. ஊரில் நம் வீட்டுச் சுவர் செங்கல். இங்கே அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஜிப்சம் அட்டை. 9 மி.மீ. தோட்டா அப்படிப்பட்ட சுவர் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு போகும். மகள் படுக்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் துப்பாக்கி வாங்கும் முன்பே இருவரும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். மனைவி அமெரிக்கக் குடிமகள். அவர் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. உங்களுக்காக அவர் வாங்கி, கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் தனக்கே என்று எழுதினால் அவரும் குற்றவாளி. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். நண்பர்கள் வார இறுதியில் சுடுதளத்துக்குக் கூப்பிடுகிறார்களா? சட்டத்தில் உள்ள சொல் 'வைத்திருத்தல்'. சொந்தமா, வாடகையா என்று அது கேட்பதில்லை.

கேள்வி: காவல்துறை கழித்துவிட்ட கிளாக் 22 ஒன்று, .40 ரகம், புதியதைவிட மிகக் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: விலை ஏன் இறங்கியது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ முகவர்கள் இருவர் இறந்தனர். 9 மி.மீ. போதாது என்று முடிவு கட்டிப் பெரிய தோட்டாவைத் தேடினார்கள்; அந்தத் தேடலில் 1990இல் பிறந்ததுதான் .40. நாடெங்கும் காவல்துறைகள் அதற்கு மாறின. பிறகு 9 மி.மீ. தோட்டாக்களே நன்றாக முன்னேறிவிட்டன என்று எஃப்பிஐ பழைய இடத்துக்கே திரும்பியது. மற்றவர்களும் பின்தொடர, .40 துப்பாக்கிகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்துவிட்டன.

துப்பாக்கியில் குறை இருக்காது. இடுப்புறையில் உரசி வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும். பல காவலர்கள் ஆண்டுக்குச் சில தடவைதான் சுட்டிருப்பார்கள், உள்பக்கம் புதிதாகவே இருக்கும். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் மீள்சுருளை மட்டும் மாற்றிவிடுங்கள். இருட்டில் ஒளிரும் குறிமுனை இருக்கிறது என்று கூடுதலாகக் கேட்டால் தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். அதில் உள்ள டிரிடியத்தின் வெளிச்சம் 12 ஆண்டில் பாதியாகிவிடும். ஆனால் .40 தோட்டா விலை கூடுதல், உதையும் முரடு. முதல் துப்பாக்கி என்றால் வேண்டாம். ஏற்கெனவே பழகிய கை என்றால் பேரம் பேசி வாங்குங்கள்.

கேள்வி: இணையத்தில் 40 டாலர் குறைவாக இருக்கிறதே, நேரே வீட்டுக்கு வருமா?

பதில்: வராது. உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே போய்ப் பின்னணிச் சோதனையை முடித்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரர் கைமாற்றுக் கட்டணம் 25 முதல் 50 டாலர் வரை கேட்பார். அனுப்பும் செலவு தனி. பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள், பழுது வந்தால் பேச ஓர் ஆள் இருப்பார்.