சுட்டு வீழ்த்திய விமானத்தில் செய்த சீப்பு: கேள்வி பதில்

வியட்நாம் போரில் வடவியட்நாம் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானத்தின் தகட்டில் செய்த சீப்பு என்று சொல்லி ஒருவர் விற்றார். விமானத் தகடுதானா, எப்படிப் பார்ப்பது?

காந்தம் வையுங்கள். ஒட்டினால் கதை முடிந்தது, விமானத் தகடு அலுமினியம். ஒட்டாவிட்டாலும் அவசரப்படாதீர்கள், சோற்றுப் பானை அலுமினியத்திலும் ஒட்டாது. அடுத்து, லென்ஸ் வைத்துப் பற்களின் இடுக்கைப் பாருங்கள். கையால் அறுத்திருந்தால் ரம்பக் கீறல் தெரியும், இடைவெளி முன்னே பின்னே இருக்கும். பொடித் துளைகள் தெரிந்தால் உருக்கி வார்த்தெடுத்தது, தகட்டில் அறுத்ததல்ல. ரிவெட் ஓட்டையோ மஞ்சள்பச்சை அடிப்பூச்சோ மிச்சமிருந்தால் நல்ல அறிகுறி. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், குரோமியம் கலந்த விஷம். பொறித்த தேதியை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்; அதை நேற்றுகூடப் பொறித்திருக்கலாம். பழைய தேய்மானக் கீறல்கள் எழுத்தின் மேலேயும் ஓடுகின்றனவா என்று பாருங்கள்; ஓடினால் எழுத்தும் பழையது.

ஏன் சீப்பு?

ஊரில் காத்திருந்தவளுக்கு நீளக் கூந்தல், வேறென்ன! புறா, பூ, அவள் பெயர் என்று பொறித்துச் சிப்பாய்கள் அனுப்பினார்கள். மோதிரமும் செய்தார்கள். விமானத்துக்கான அலுமினியக் கலவையான துராலுமின் தகட்டை உருக்கத் தேவையில்லை. ரம்பமும் அரமும் போதும். தகட்டுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்கா கட்டிய எஃப்-105 போர் விமானங்கள் மொத்தம் 833. அந்தப் போரில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழந்தார்கள்.

லாவோஸில் கரண்டி வாங்கினேன். அதுவும் இதே வகையா?

இல்லை. பான் நாபியா கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்க்கிறார்கள். அது குடும்பத் தொழில், சிப்பாயின் கைவேலை அல்ல.

இது வியட்நாமில் தொடங்கிய பழக்கமா அண்ணா?

அதற்கு வெகு முன்பே உண்டு. 1916 செப்டம்பரில் இங்கிலாந்தின் கஃப்லியில் எஸ்.எல். 11 என்ற ஜெர்மன் வான்கப்பல் எரிந்து விழுந்தது. அதன் கம்பித் துண்டுகளைச் செஞ்சிலுவைச் சங்கமே நிதிக்காக விற்றது. 1918 ஏப்ரல் 21-ல் ஜெர்மன் போர் விமானி ரிக்தோஃபன் சுடப்பட்டு விழுந்தபோது ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அவர் விமானத்தைப் பிய்த்து எடுத்துப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானிக்கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை இதய வடிவில் அறுத்துக் காதலிக்குக் கொடுத்தார்கள்.

என் சீப்பின் பல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பிராசோ என்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். துராலுமினில் ஏறக்குறைய 4 சதவீதம் செம்பு. பலம் தருவதும் அரிக்க விடுவதும் அதுதான். அதனால் விமானத் தகட்டின் இரு முகத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஏற்றியிருப்பார்கள். பல் அறுக்கும்போது அந்தத் தோல் இல்லாத ஓரம் வெளியே வந்துவிடுகிறது, பூப்பது அங்கேதான். பாலிஷ் போட்டால் மிச்சத் தோலும் போகும், பொறிப்பும் மழுங்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊர் என்றால் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள்.