லாயத்திலிருந்து பதில்கள்: பின்பனிக் காலம்

முன்பனி வருகிறது என்றால் ஆயிரம் ஏற்பாடு செய்துகொள்கிற நாம், பின்பனியில் சற்று அசந்துவிடுகிறோம். இந்த முறை வந்த கடிதங்களைப் படித்தபோது அது நன்றாகத் தெரிந்தது. நான்கு குதிரைகளும் ஒரு சிறிய லாயமுமாக 22 ஆண்டுகள் கழித்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் எங்கள் குதிரை இரண்டு நாட்களாகச் சரியாகக் குடிக்கவில்லை. லத்தி சிறிது சிறிதாகக் காய்ந்து விழுகிறது. குளிர் போனால் சரியாகிவிடுமா அம்மா?

குளிர் போகும்வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்தவுடன் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் கையை வையுங்கள். பத்து எண்ணுவதற்குள் விரல் கடுத்தால், குதிரையும் வாயை நனைத்துக்கொண்டு போய்விடும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். மேய்ச்சல் காலத்தில் பச்சைப் புல்லிலிருந்தே நிறைய நீர் கிடைத்துவிடும். இப்போது தின்பதோ உலர்ந்த புல். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

நான் காலையிலும் மாலையிலும் புல் போட்ட கையோடு வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் வைக்கிறேன். பக்கத்தில் உப்புக்கட்டி. எத்தனை வாளி காலியானது என்று சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவைப்பேன். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லத்தி அடியோடு நின்றுபோனாலோ, காலால் தரையைப் பறித்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ தீனியை அகற்றிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் நன்றாகத் தின்றதால் எங்கள் கிழக் குதிரை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறது. இனி தீனியைக் குறைக்கலாமா?

நீங்கள் பார்ப்பது சதையாக இல்லாமல் வெறும் முடியாக இருக்கலாம். இதே ஏமாற்றத்துக்கு நானும் ஆளாகியிருக்கிறேன். என்னிடம் இருந்த 24 வயதுக் கருப்பியை அந்தக் குளிர்காலம் முழுவதும் புசுபுசுவென்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பின்பனியில் ஒருநாள் சேணம் கட்டும் இடத்தில் முடியை விலக்கிக் கையை அழுத்தினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் இடறின. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைவாய்ப் பல் தேய்ந்து, அவள் புல்லை மென்று உருண்டையாகத் துப்பிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். ஊறவைத்த தீனிக்கு மாற்றிய பிறகுதான் தேறினாள்.

ஆகவே வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். இலேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தாமலே தட்டுப்படக் கூடாது. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்புல், அதாவது 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்து கிலோ வரை, கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு போதாது, தராசில் நிறுங்கள். பெருங்குடலில் புல் புளிக்கும்போது எழும் சூடுதான் குதிரைக்குக் கணப்பு அடுப்பு. குளிர் இருக்கும்வரை அதை அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இன்னும் குளிரடிக்கிறதே பாட்டி, எங்கள் குதிரைக்கு ஏன் இப்போதே முடி கொட்டுகிறது? (ஐந்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி கண்ணே. குதிரை நாட்காட்டி பார்ப்பது வெளிச்சத்தை வைத்து. பகல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதைக் கண் பார்த்து மூளைக்குச் சொல்கிறது. உடனே பழைய முடி கழல ஆரம்பிக்கிறது. ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்துவிடு, அதற்கு மிகவும் சுகமாக இருக்கும். விழுந்த முடியை வேலியில் விட்டுவை. கூடு கட்டுகிற பறவைகள் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: லாய வாசல் முழுவதும் சேறு. தினமும் கால்களைக் கழுவிவிடுவது நல்லதுதானே?

வேண்டாம். ஓயாத ஈரத்தில் தோல் வெடித்துப் புண்ணாகிவிடும். சேறு காய்ந்த பிறகு தூரிகையால் தட்டிவிடுங்கள். குளம்பின் உட்பக்கத்தை மட்டும் தினமும் சுத்தம் செய்யுங்கள். கெட்ட வாடை வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: எங்கள் குதிரைக்கு இதுதான் முதல் சினை. இந்த மாதக் கடைசியில் 340 நாட்கள் முடிகின்றன. நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?

340 என்பது சராசரிதான். 320-லும் ஈனும், 360-ஐத் தாண்டியும் நிற்கும். மடி கனத்து, காம்பின் நுனியில் மெழுகுபோல் திரண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குட்டி வரும். தலைச்சனுக்கு இந்த அறிகுறி தெரியாமலும் போகலாம் என்பதால் இப்போதே இரவுக் காவலைத் தொடங்கிவிடுங்கள். மரத்தூளை அள்ளிவிட்டு, சுத்தமான வைக்கோலைக் கெட்டியாகப் பரப்புங்கள்.

என் செவலை சென்ற ஆண்டு ஈன்றபோது இரவு ஒன்றே முக்கால் மணி. நெஞ்சில் வியர்வை அரும்பியது. எழுந்தாள், படுத்தாள், மறுபடி எழுந்தாள். பனிக்குடம் உடைந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் வெண்மையான சவ்வுக்குள் இரண்டு முன்னங்கால்கள், ஒன்று சற்று முன்னே, அதன்மேல் மூக்கு. இதுதான் சரியான வரவு. வெண்மைக்குப் பதில் சிவந்த வெல்வெட் துணிபோல ஏதாவது தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். மருத்துவர் வரும்வரை காத்திராமல் அந்தச் சிவந்த சவ்வை அப்போதே கிழித்துவிட வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குட்டியின் குளம்படியைத் தொட்டுப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் நிறத்தில், மெத்தென்று, குட்டி விரல்களைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தாயின் கருப்பை கிழியாமலிருக்க இயற்கை மாட்டிவிட்ட உறை அது. நடக்கத் தொடங்கியதும் தேய்ந்துவிடும். எத்தனை முறை தொட்டாலும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

தொப்புள்கொடியை அறுக்காதீர்கள், தானே அறும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குச் சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வருகிறது; ஒரு நாள் போய்விட்டால் குடல் அதை உறிஞ்சாது. விழுந்த நஞ்சுக்கொடியை வாளியில் போட்டு மூடிவையுங்கள். ஒரு துண்டுகூட உள்ளே தங்கவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: போர்வையை எப்போது கழற்றலாம்?

மதிய வெயிலில், தோளோரம் போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.