புறநகர் அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டு படிப்பைக் கெடுக்காதா?

சிகாகோவுக்கு வடக்கே வினெட்கா ஊரிலுள்ள நியூ ட்ரையர் உயர்நிலைப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். 1901-இல் தொடங்கிய அரசுப் பள்ளி. படிப்பில் நாடறிந்த பெயர். நீச்சலில் மாநிலப் பட்டங்கள் பல.

இரண்டும் சேர்ந்து நடப்பதற்குக் காரணம், களத்துக்குப் போகும் வழி வகுப்பறை வழியாகவே செல்கிறது. இல்லினாய் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் சங்கத்தின் விதிப்படி, வீரர்களின் தேர்ச்சி நிலை வாரந்தோறும் சரிபார்க்கப்படுகிறது. குறைந்தபட்சம் இத்தனை பாடங்களில் என்ற அளவுக்குத் தேர்ச்சி நிலையில் இல்லாதவர் அடுத்த வாரம் ஆட முடியாது. முழுப் பரீட்சை வரை காத்திருக்காமல், கணக்கில் சறுக்கிய ஏழே நாளில் பிள்ளை விழித்துக்கொள்கிறான். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நம் ஊரில் ஆண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பையே கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வாரே, அதற்கு நேரெதிர்!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பள்ளிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரி. வினெட்காவில் வீடுகளின் விலை மிக அதிகம், வரியும் அப்படியே. ஏழை ஊர்ப் பள்ளிக்கும் வாரச் சரிபார்ப்பு விதி ஒன்றுதான். நீச்சல்குளம் மட்டும் கிடைப்பதில்லை.