ஃபாஸ்ட் என்றால் வேகம் மட்டும்தானா?

மண்டபம், கல்லூரி மாணவி: சார், 'நோ ஹார்ட்-அண்ட்-ஃபாஸ்ட் ரூல்' என்பதை 'கடினமான, வேகமான விதி இல்லை' என்று எழுதினேன். தப்பு என்றார்கள். அப்புறம் என்னதான் பொருள்?

வளைக்கவே முடியாத கறாரான விதி என்று பொருள், பாப்பா. 'அப்படிக் கறாராக ஒன்றும் இல்லை' என்று மறுத்துச் சொல்லத்தான் பெரும்பாலும் வரும். ஃபாஸ்ட் என்ற சொல்லின் பழைய பொருள் 'உறுதியாக, அசையாமல்'. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சாயம் போகாத துணியை கலர்-ஃபாஸ்ட் என்பார்கள். நம் வீட்டில் கெட்டிச் சாயம் என்கிறோமே, அதுதான்.

தொண்டி, மீனவர்: இது கப்பல்காரர்கள் பேச்சு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், தம்பி. தரைதட்டி மாட்டிக்கொண்ட கப்பலை அப்படிச் சொன்னார்கள். 1867-ல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் மாலுமிகள் அகராதியிலும் அந்தப் பொருள்தான். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். உங்கள் கரையில் ஒருநாள் நீர் வற்றி, ஒரு வல்லத்தின் ஏரா, அதாவது படகின் அடிக்கட்டை, சேற்றில் பதிந்துவிட்டது. முன்பக்கத்து அணியத்தில் ஒருவர் கழியை ஊன்றினார், முழங்கால் தண்ணீரில் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். கழிதான் வில்லாக வளைந்தது, வல்லம் விரற்கடைகூட நகரவில்லை. ஹார்ட்-அண்ட்-ஃபாஸ்ட் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வல்லம்தான் கண்ணில் நிற்கும்.

தேவிபட்டினம்: அசையாத சொல் எப்படி சார் வேகம் ஆனது?

நல்ல கேள்வி. உறுதியாக, விடாமல், முழு மூச்சாக ஓடுவதையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். முழு மூச்சாக ஓடினால் வேகம்தானே! நாமும் 'வண்டியை அழுத்து' என்றால் வேகமாகப் போ என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்?

ராமேஸ்வரம், ஆசிரியை: நடுவில் சிறு கோடு போட வேண்டுமா?

ரூல் என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் போடுங்கள், அம்மா. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் தேவையில்லை.

கீழக்கரை: நோன்பு வைப்பதையும் ஃபாஸ்டிங் என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு, ஒரே வேர்தான். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு உறுதியாகப் பற்றி நிற்பது என்று பொருள். உணவை விலக்கி அதில் உறுதியாக நிற்பதும் அதற்குள் வந்தது. இதைவிட எனக்குப் பிடித்தது நம் சொல்தான். நோன்பு என்பதும் நோன்றல் என்பதும் ஒரே வேரில் வந்தவை. நோன்றல் என்றால் பொறுத்துத் தாங்குதல், நோன்மை என்றால் வலிமை. இரண்டு மொழியுமே பட்டினியைச் சொல்லவில்லை, தாங்கி நிற்பதைத்தான் சொல்கின்றன.